கரைக்காத பிள்ளையார்

அவன் இடது கையால் டாஷ்போர்டு மேலிருந்த மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டே போர்வெல் ரிக் லாரியை ஓட்டினான். கியர் மாற்றும்போது மட்டும் கையை எடுத்தான்.

கட்டைவிரல் உயரப் பிள்ளையார். ஆறு நாளில் காய்ந்து வெடித்திருந்தார்.

துளை போடும் இடத்தில் முதல் நாள் பிடித்து வைப்பார்கள். தண்ணீர் பீறிட்டதும் அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிடுவார்கள். திருச்செங்கோட்டு வழக்கம். ரிக்கோடு கப்பலேறி டான்சானியாவுக்கும் வந்துவிட்டது.

இவர் மட்டும் கரையவில்லை.

"ரோட்டப் பாரப்பா. சாமி எங்கயும் ஓடிறாது," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் அர்த்தநாரி.

ரோட்டைப் பார்த்தான்.

அழகான ரோடுதான். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து நின்றது. பானை வயிற்றோடு பெருமரங்கள். யானை மேல் யானை ஏற்றிவைத்தாற்போல் பாறைகள். சைக்கிளில் கரிமூட்டை கட்டிப் போகிறவர்கள் கையசைத்தார்கள். மேனேஜர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துத் தள்ளினார்.

அவன் கண் பக்கக் கண்ணாடிக்கே போனது. பின்னால் கூட்டாளி பெரியண்ணனின் லாரி வந்துகொண்டிருந்தது. கம்ப்ரசரும் துளையிடும் ராடுகளும் அதில்தான்.

காலையில் துளை போட்ட ஊரைவிட்டுக் கிளம்பியபோது இதே கண்ணாடியில் வேறொன்று தெரிந்தது.

காலி மஞ்சள் கேன்கள். நாற்பது இருக்கும். துளைக் குழாயின் வாயிலிருந்து புளியமரம் வரை வரிசையாக.

முதல் கேன் கபுலாவுடையது. ஆறு நாளும் ரிக்காரர்களுக்குச் சோளக்களி கிண்டிப் போட்டவள். அந்தக் களிக்கான தண்ணீரை ஏழு மைல் நடந்து சுமந்து வந்தவள். லாரி கிளம்பியபோது அவள் அழவில்லை. எதுவும் கேட்கவுமில்லை.

கேனை எடுக்கவுமில்லை.

யாருமே எடுக்கவில்லை.

முந்நூறு அடிக்குத்தான் ஒப்பந்தம். முந்நூறாவது அடியில் நிறுத்தச் சொல்லிவிட்டார் மேனேஜர். ஏரிக்கரை நகரத்தில் ஒரு புது ஓட்டல். நாளைக் காலை அங்கே துளை போட வேண்டும்.

"கடைசி ராடுல புகை அடங்கிருச்சுங்க," என்றான் மறுபடியும். "கல்லுமாவு ஈரமாக் கையில ஒட்டுச்சு. இன்னும் ரெண்டு ராடு எறக்குனாத் தண்ணிங்க."

"அட, உடமாட்டயா நீயி? காலைல இருந்து அதையே ஓதறே. முந்நூறுன்னா முந்நூறு. என்ன, அந்தூர்ல பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கறயா?"

அவனுடையது பதினெட்டு வருடமாகக் கல்மாவைத் தேய்த்துப் பார்க்கிற கை. கைக்குத் தெரிந்தது தெரிந்ததுதான்.

மேடேறியதும் ஏரி வந்தது.

ஏரி என்றால் யார் நம்புவார்கள்? அக்கரையே இல்லை. தண்ணீருக்குள்ளும் பாறைமேல் பாறை ஏறி நின்றது. சரிவெல்லாம் வீடுகள். காற்றில் கருவாட்டு வாசனை.

ஓட்டல் மனையில் நின்று கல்லெறிந்தால் ஏரியில் விழும்.

மேனேஜர் இறங்கிச் சோம்பல் முறித்தார்.

"இந்தா, கடலாட்டக் கெடக்குது தண்ணி. உம்பட பிள்ளையாரைக் கொண்டுபோயி இதுல கரச்சுட்டு வா. தொல்ல உட்டுது."

அவன் பிள்ளையாரை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான்.

குனிந்தான். அலை வந்து விரலை நனைத்தது.

ஆறு நாள் தூசி அவன் முகத்தில் அப்படியே இருந்தது. முகத்தைக்கூடக் கழுவவில்லை.

நிமிர்ந்தான்.

திரும்பி வந்து பிள்ளையாரை வைத்த இடத்திலேயே வைத்தான். ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டான். ஓட்டல் வேலைக்கென்று மேனேஜர் இரண்டு லாரிக்கும் டீசலை வாய்வரை நிரப்பியிருந்தார். நல்ல மனுஷர்.

"எங்கடா கெளம்பிட்டே?"

"இவரு அங்கத்த தண்ணிலதானுங்க கரைவாரு."

"எறங்குடா! நாளைக்கே உன்னைய ஊருக்கு ஏத்தி உட்ருவேன்!"

"ஏத்தி உடுங்க. தண்ணி வந்ததும் போறனுங்க."

லாரியை வளைத்துத் திருப்பினான்.

மேட்டில் பாதி ஏறி நிறுத்தினான். ராடு இல்லாத ரிக் வெறும் இரும்பு. அது அவனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். கீழே அவர் பெரியண்ணனின் லாரிக் கதவைத் தட்டிக்கொண்டு என்னவோ கத்தினார்.

அவன் ஹாரன் அடிக்கவில்லை. கூப்பிடவில்லை.

கண்ணாடியையே பார்த்தான்.

ஏரி முழுவதும் அதற்குள் இருந்தது. அதன் ஓரத்தில் பெரியண்ணனின் லாரி. நின்றது நின்றபடி.

பிறகு அதன் வலது இண்டிகேட்டர் மஞ்சளாக ஒருமுறை மினுங்கியது.

அவன் பிள்ளையார் மேலிருந்து கையை எடுத்துக் கியர் போட்டான்.