ஈரமில்லாத அழுகை

சிங்கப்பூரின் செங்காங் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில், சாயும் வெயிலில், ருக்சார் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வயிற்றுப்போக்கில் வாடிப்போன மர்யம் அழுகிறாள். ஆனால் கண்ணில் ஈரமே இல்லை. "சாயங்காலத்துக்குள்ள கண்ணீர் வரலைன்னா, டயப்பரும் நனையலைன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்று காலையில் டாக்டர் சொல்லியிருக்கிறார். கணவன் அர்ஃபான் சாங்கி விமான நிலைய வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறான். கிண்ணத்தில் கரண்டி இடிக்கும் சத்தமும், வெளியே எல்ஆர்டி ரயில் கடந்து போகும் சத்தமும்தான் கேட்கின்றன. திடீரென்று மர்யம் கரண்டியைத் தட்டிவிட்டு வீறிடுகிறாள். தண்ணீர் அவன் சட்டையெல்லாம் தெறிக்கிறது. "கோபத்துல உன்னையே உரிச்சு வச்சிருக்கா லா" என்கிறான். ருக்சார் மகளின் முகத்தருகே குனிகிறாள். குழந்தையின் இமையோரத்தில் ஏதோ மினுங்குகிறது. அது திரண்டு, உருண்டு, கன்னத்தில் மெல்ல இறங்குகிறது. இவ்வளவு நேரம் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டையும் வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்திருந்த அந்தச் சின்ன உடம்பு, இப்போது வெறும் அழுகைக்கென்றே தண்ணீரைத் தாராளமாகக் கொடுக்கிறது. எப்போது பிடித்து வைப்பது, எப்போது விடுவது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அர்ஃபான் துண்டை எடுக்கிறான். ருக்சார் அவன் கையைப் பிடிக்கிறாள். "தொடைச்சிடாதீங்க மச்சான். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கிறேன்."