தொண்ணூற்றொரு சதவீதம்

"ஐம்பது எம்பிக்கு பிளான் போட்டிருக்கேன். வர்றது முப்பது கேபி. மீதியை யார் சாப்பிடறாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல."

நெட்காரர் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. மூன்று நாளில் இது அவருக்கு மூன்றாவது வருகை.

மூத்தவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எட்டு ஜிபி டொரன்ட், வேறு யாரோ ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இறங்கும் ஃபைல். தொண்ணூற்றொரு சதவீதத்தில் பச்சைக்கோடு நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அறை நடுவில் எம்ப்ராய்டரி மெஷின் ஆறு ஊசிகளையும் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா நின்றது. சுவரோரம் இருநூறு பள்ளிச் சட்டைகள், பாக்கெட்டில் சின்னம் இல்லாமல்.

"மெஷின்ல போர்டு போச்சு. புதுசு மாட்டியாச்சு. அதுக்குள்ள போட வேண்டிய சாஃப்ட்வேர் இது. மெஷின் கம்பெனியை மூடி எட்டு வருஷம் ஆச்சு, கடையில கிடைக்காது. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வந்தாத்தான் நாளைக்குக் காலைல சட்டையைக் கொடுக்க முடியும். இல்லன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்."

அவர் வைஃபையை விட்டு நேராக வயரைச் செருகிப் பார்த்தார். வேகத்தை அளந்தார்.

"ஐம்பத்திரண்டு வருது மேடம். லைன் சுத்தமா இருக்கு."

"அப்ப இது மட்டும் ஏன் அழுது வடியுது?"

அவர் குனிந்து டொரன்ட் பட்டியலைப் பார்த்தார். "இந்த ஃபைலைக் கொடுக்கிறவர் ஒரே ஒருத்தர்தான். உங்க பைப்பு பெருசுதான் மேடம். அந்தப் பக்கம் ஊத்தறவர் டம்ளர்ல ஊத்தறார்."

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க!" மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "மெஷின் வச்சிருக்கிறவங்க குரூப்ல 'ஊசிமுனை'ங்கிற பேர்ல கெஞ்சிக் கேட்டேன். நானூறு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. 'நூல்கண்டு'ன்னு ஒருத்தர்தான் உடனே, 'கவலைப்படாதீங்க, எங்கிட்ட இருக்கு, உங்களுக்காகவே போடறேன்'னு போட்டாங்க. முகம் தெரியாத மனுஷங்களுக்கு அப்படி ஒரு மனசு. கூடவே இருக்கிறதுகளும் இருக்கே!"

கடைசி வாக்கியம் கூரையைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

மாடியில் இருப்பவள் அவள் ஓரகத்தி, இளையவள். இருவரும் சேர்ந்து நடத்திய கடை ஆறு மாதத்துக்கு முன் பிரிந்தது. கடை போர்டில் யார் பெயர் முதலில் என்று தொடங்கிய சண்டை. மெஷின் மூத்தவளுக்கு வந்தது. மேசை, இஸ்திரிப்பெட்டி, பழைய கம்ப்யூட்டர் எல்லாம் மாடிக்குப் போயின. அன்றிலிருந்து படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

நெட்காரர் மாடிப்படியின் கீழே இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தார். மூத்தவளும் பின்னாலேயே போனாள். உள்ளே நான்கு வயர்கள், நான்கு வீட்டுச் சீட்டுகள். அவர் கைப்பேசியில் ஏதோ பார்த்தார்.

"எல்லா வீடும் சரியா இருக்கு. மாடி வீடு மட்டும் மூணு நாளா நெட்ல எதையோ ஏத்திக்கிட்டே இருக்கு."

"மூணு நாளாவா?" மூத்தவளின் கண்கள் விரிந்தன. "நான் இறக்க ஆரம்பிச்சும் மூணே நாள்தான்! பார்த்தீங்களா? எனக்கு வேலை இருக்குன்னு தெரிஞ்சதும் லைனை உறிஞ்சறா."

"அதனால உங்களுக்குப் பாதிப்பு வராது மேடம். அவங்க லைன் வேற, உங்க லைன் வேற."

"பாதிப்பு வராதுன்னா, கழட்டினாலும் வராதில்ல? கழட்டுங்க."

"மேடம்..."

"பத்தே நிமிஷம். இல்லன்னா நாலாவது புகார் உங்க மேனேஜர் மேசைக்குப் போகும். நான் எழுதினா ஒரு பக்கத்துல நிறுத்த மாட்டேன்."

நெட்காரர் பெருமூச்சு விட்டார். மூன்று புகாரிலேயே அவருக்கு அது தெரிந்திருந்தது. "பத்து நிமிஷம்தான். யாராவது கேட்டா ரிப்பேர்னு சொல்லுவேன்" என்று மாடி வீட்டு வயரை உருவினார்.

டிக்.

மூத்தவள் திருப்தியோடு திரும்பினாள். வாசலைக்கூட எட்டவில்லை, மேலே கதவு திறந்தது. தடதடவென்று படியிறங்கும் சத்தம். நெட்காரர் சட்டென்று பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இளையவள் கடைசிப் படியில் நின்றாள். கூந்தல்கூட முடியவில்லை. சுவரைப் பார்க்கவில்லை; நேராக மூத்தவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா... உங்க வீட்ல நெட் வருதா?"

ஆறு மாதத்தில் முதல் பேச்சு. மூத்தவள் உதட்டோரச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வருதே. நல்லாவே வருது. உனக்கு அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"எனக்கில்லக்கா. நம்ம மெஷின் மாதிரியே வச்சிருக்கிற யாரோ ஒருத்தங்க, சாஃப்ட்வேர் இல்லாம ஆர்டரே போயிடும்னு குரூப்ல அழுதிருந்தாங்க. பாவமா இருந்துச்சு. அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சா, மூணு நாளா அணைக்காம அவங்களுக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன். இப்பப் பார்த்து நின்னுபோச்சு. தொண்ணூத்தொண்ணு வந்திருச்சுக்கா. ஊசிமுனைன்னு பேரு, அங்க தவிச்சுக்கிட்டு இருப்பாங்க..."

மூத்தவள் மெல்லத் தலையைத் திருப்பி அறைக்குள் பார்த்தாள். திரையில் பச்சைக்கோடு அசையாமல் நின்றது.

பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே நெட்காரர் கேட்டார்: "மேடம், இப்ப வேகம் பரவாயில்லையா?"