விளக்குப் பெட்டி, ஏணிப் பெட்டி

அன்றைக்கும் ரசலையன் வக்கீல் தன் மகனுடைய பேரை விட்டுவிட்டார்.

மாலை ஜெபத்தில் பிள்ளைகளின் பேரை மூத்தது முதல் வரிசையாகச் சொல்லி ஜெபிப்பது அந்த வீட்டு வழக்கம். மகள் கிரேசியின் பேர் வந்தது. மருமகன் பேர் வந்தது. அடுத்து ஜெபதாஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி. பிறகு நேராக ஆமென்.

அவர் மனைவி பூங்கனி கண்ணைத் திறக்காமலே எண்ணினாள். முப்பத்தொன்பதாவது நாள். ஜெபதாஸ் அப்பாவை எதிர்த்து நாமினேஷன் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான்.

ரசலையன் வக்கீலின் பேர் தெரியாத வீடு அந்தத் தொகுதியில் கிடையாது. அந்தத் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தின்கீழ் இருந்த காலம்; இரண்டு தடவை அங்கே சட்டசபைக்குப் போனவர். பாடுபட்டு வாங்கின உரிமைகளை இங்கே விட்டுவிட்டு, மெட்ராஸில் போய் முதலிலிருந்து கேட்டு நிற்கமுடியாது என்பது அவர் கட்சி. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தே ஆகவேண்டும் என்பது மகன் கட்சி.

கோட்டாறு கூட்டத்தில் ஜெபதாஸ், எங்கள் அப்பாவுக்குத் திருவனந்தபுரம் பஸ் ஒன்றுதான் தெரியும் என்றான். அதற்கு அவர் குளச்சலில், நான் வாங்கிக்கொடுத்த சைக்கிளில் ஏறிக்கொண்டு எனக்கு எதிராக ஓட்டுக் கேட்கிறான் என்றார். இரண்டு ஊரிலும் சனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பூங்கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகன் வீட்டை விட்டுப்போய் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கியிருந்தான்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், அப்பா கோர்ட்டுக்குப் போன நேரம் பார்த்து, கிணற்றடிக்கு வந்தான்.

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன். எனக்கு ஏணியாக்கும் சின்னம். ஆனா நீ அப்பாவுக்கே போடும்மா. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

போகத் திரும்பியவன் நின்றான்.

"அப்பா என் பேரச் சொல்லி ஜெபிக்காரா?"

"சொல்லுதாரு மக்கா" என்றாள் பூங்கனி. வேதப்புத்தகம் வைத்திருக்கிற வீட்டில் சொன்ன அந்தப் பொய் இரண்டு நாளும் அவளை உறங்கவிடவில்லை.

ஓட்டுப்போடும் காலையில் ரசலையன், வந்த கடிதம் ஒன்றின் எழுதாத பாதியை மடித்தார். மடிப்பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டி, கத்தி வைத்தாற்போல் நேராகக் கிழித்தார். எந்தக் காகிதத்தையும் அவர் அப்படித்தான் கிழிப்பார். அதில் தன் சின்னமான விளக்கை வரைந்து மனைவியிடம் கொடுத்தார்.

"இந்தப் படம் ஒட்டின பெட்டியில சீட்டைப் போடு. உள்ள போய்ப் பதறிராத."

அவள் அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் திரைமறைவுக்குள் முதலில் அவர் போனார். வெளியே வர நேரமாயிற்று. தனக்குத்தானே போட வக்கீலுக்கு இத்தனை யோசனையா என்று வரிசையில் ஒருத்தி கேட்க, பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்புறம் பூங்கனி போனாள். போட்டியே இரண்டு பேருக்குள்தான். பெட்டியும் ஆளுக்கொன்றாக இரண்டே இரண்டு. விளக்கைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். ஒன்றில் போட்டால் மற்றது தன்னை முறைக்கும்போல் இருந்தது. சீட்டைக் கோணல்மாணலாக இரண்டாகக் கிழித்தாள். ஆளுக்குப் பாதி போட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிட்டாள்.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம், வக்கீலுடைய ஏஜெண்ட் பொன்னுலிங்கம் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெபதாஸ் ஜெயித்துவிட்டான்.

"சரி" என்றார் ரசலையன்.

அவரைத் தேற்றுவதற்காகப் பொன்னுலிங்கம் ஒரு வேடிக்கையைச் சொன்னான்.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பெட்டியில நாலு அரைச்சீட்டு கிடந்தது வக்கீலய்யா. விளக்குல ரெண்டு, ஏணியில ரெண்டு. ஆரோ ரெண்டு பேரு சீட்டைக் கிழிச்சு ஆளுக்குப் பாதி போட்டிருக்கு. புத்தி இல்லாத சனம். எல்லாம் செல்லாதுன்னு தள்ளியாச்சு."

பூங்கனி நிமிர்ந்து பார்த்தாள். ரெண்டு பேரா?

"ஒரு சீட்டு தாறுமாறா பிச்சது. மத்தது பாக்கணுமே, மடிச்சு நகத்தால வரஞ்சு கிழிச்சதாக்கும். கத்தி வச்ச மாதிரி அவ்வளவு நேரு."

அவன் போனபின் பூங்கனி வேதப்புத்தகத்தைத் திறந்தாள். விளக்குப் படம் போட்ட அரைத்தாள் அங்கேயே இருந்தது. அதன் நேரான விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்தத் தாறுமாறா பிச்சது என் கைவேலை" என்றாள்.

"ம்."

"மத்தது?"

ரசலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெபத்துக்கு நேரமாச்சு" என்றார்.

முழங்காலிட்டார்கள். கிரேசியின் பேர் வந்தது. மருமகன் பேர் வந்தது. அப்புறம் அந்த ஒரு மூச்சு இடைவெளி. பூங்கனி ஆமெனுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

"ஆண்டவரே, எங்க புது மெம்பர் ஜெபதாஸை ஆசீர்வதியும். அவன் நேரத்துக்குச் சாப்பிடணும். நாளைக்கு வீட்டுக்கு வரணும். ஆமென்."

எழுந்திருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்:

"ஏட்டி, மத்தத வெளியே சொல்லிராத. வக்கீலுக்கு ஓட்டுப் போடத் தெரியலன்னு ஊரு சிரிக்கும்."