வெங்காய சூப்புக்கு முதல் பக்கம்

"இன்னிக்கு ருசி பார்க்க நான் வர முடியாது, எவ்ரார். அந்த ஆள் என்னைத் தன் எதிர்ல வந்து உட்காரச் சொல்றார்."

சமையலறை ஜன்னலில் தலையை நுழைத்துக் கிஸ்லேன் கிசுகிசுத்தாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

அப்போது கடையில் இருந்தவர்கள்: அடுப்படியில் எவ்ரார், ஜன்னலில் அவன் மனைவி கிஸ்லேன், மூலை மேஜையில் முசியே பெலிசியே, அவர் காலடியில் கடைப் பூனை. மதியக் கூட்டம் கலைந்து, கதவைச் சாத்தப் போகிற நேரம் பார்த்து அவர் வந்திருந்தார்.

லியோன் நகரத்துக்கு வருகிற பயணிகள் எல்லோர் கையிலும் ஒரு கையேடு இருக்கும். எதை எந்தக் கடையில் சாப்பிட வேண்டும் என்று அதில் எழுதுகிறவர் பெலிசியே. வெங்காய சூப் என்றால் இந்தக் கடை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார். அந்தப் பக்கம் போனால் கடையும் போகும். உள்ளூர்க்காரர்கள் இப்போதெல்லாம் வீட்டில் இலை தழை தின்று உடம்பைக் குறைக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் எவ்ராரின் நாக்கைக் கொன்றுவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தட்டும் ஜன்னலுக்கு வரும். கிஸ்லேன் ஒரு ரொட்டித் துண்டால் தொட்டு வாயில் வைத்துத் தலையாட்டினால்தான் வெளியே போகும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

"யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. எதிர்க்கடை மார்சியலாத்தான் இருக்கும்."

"அவன் பொண்டாட்டி ஓடிப்போனதே அவனுக்குத் தெரு சொல்லித்தான் தெரியும். உன் நாக்கு செத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"கையே ஓடல, கிஸ்லேன்."

"அப்ப காலால கிண்டு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கிண்டுற சூப்தானே!"

"மதாம்!" என்று பெலிசியே கூப்பிட்டார்.

கிஸ்லேன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நேத்துதான் இந்த ஊருல வந்து இறங்கினவன்னு என்னை நெனச்சுக்குங்க. தட்டு வர வர, அது வாயில என்ன பண்ணும்னு சொல்லணும். ஒண்ணையும் விடக் கூடாது."

பொறி வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் சொல்வது ஒன்று, தட்டில் இருப்பது வேறொன்று என்றால் அதோடு கதை முடிந்தது.

சூப்பை எவ்ராரே கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் திரும்பிப் போனான்.

"சொல்லுங்க, மதாம்."

"முதல்ல வெங்காயம் இனிக்கும், முசியே. சர்க்கரை இனிப்பு இல்ல. கோவிச்சுக்கிட்டுப் போனவ தானாத் திரும்பி வர்ற மாதிரி, மெதுவா. அப்புறம் ஒயின் லேசாப் புளிக்கும். மேல இருக்கிற சீஸ் கரண்டியை விடாது. அடியில ஊறிக் கிடக்கிற ரொட்டிதான் கடைசி சந்தோஷம்."

பெலிசியே குடித்தார், எழுதினார். முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஜாடியை எடுத்து முழுவதையும் குடித்தார். கிஸ்லேன் வேறொன்று நிரப்பி வைத்தாள்.

அடுத்தது ஆற்று மீனைப் பஞ்சாக அரைத்து வேகவைத்த கொழுக்கட்டை. அது நாக்கில் பட்டதும் எப்படிக் காணாமல் போகும் என்று அவள் சொன்னாள். அவர் கரண்டியிலிருந்து ஒரு துண்டு கீழே விழுந்தது. பூனை அதை நக்கிப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, தன் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப் போனது.

கடைசியாகப் பன்றிக் குடல் சாசேஜ்.

"இது நாறணும், முசியே. தொழுவத்துல ஆரம்பிச்சுக் கடுகுல முடியணும். பக்கத்து மேஜைக்காரன் எழுந்து போயிட்டான்னா சரியா வந்திருக்குன்னு அர்த்தம்."

"பக்கத்துல யாருமே இல்லையே?"

"அதைத்தான் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு தட்டையும் ரொட்டியால் வழித்துத் துடைத்தார். இரண்டாவது ஜாடியும் காலியானது. பேனாவை மூடினார்.

"முதல் பக்கம் உங்களுக்குத்தான், மதாம். இவ்வளவு தெளிவா எனக்கு எந்தக் கடையிலயும் கிடைச்சதில்ல."

உள்ளே ஒரு மூடி தரையில் விழுந்து உருண்டது.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருக்க, கிஸ்லேன் தட்டுகளை ஜன்னலில் வைத்தாள். கைப்பழக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டை உள்ளே இருந்த சூப் பாத்திரத்தில் தொட்டு வாயில் போட்டாள். அடுத்த நொடி ஏப்ரனில் துப்பினாள். கடலை அள்ளிக் குடித்தது போல இருந்தது.

"எத்தனை தடவைடா உப்பு போட்டே?"

"பயம் வந்தப்பல்லாம்," என்றான் எவ்ரார்.

அவள் திரும்பினாள். பெலிசியே கடைசிப் பொத்தானைப் போட்டபடி பின்னால் நின்றிருந்தார்.

"ஏன் மதாம், உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரல்.

கிஸ்லேன் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல, முசியே."

"நல்லது. குளிர்காலத்துல எனக்கு ஒரு காய்ச்சல் வந்துது. அதுக்கப்புறம் நாக்குக்கு எதுவும் தெரியறதில்ல. நீங்க சொன்னதை ஒரு வரி விடாம எழுதியிருக்கேன்."

தெருமுனையில் கையேட்டை விரித்துப் பிடித்தபடி இரண்டு பயணிகள் வந்துகொண்டிருந்தார்கள். நாக்கு உள்ளவர்கள். கிஸ்லேன் பெலிசியேவைக் கைகொடுத்து அனுப்பிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.