குழிக்குள் தண்ணீர்

கட்டம் சிவப்பாக மாறியது.

அவள் எண்ணை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

மறுபடியும் சிவப்பு.

எக்செல் தாளில் ஒரு பக்கம் களிமண்ணின் எடை. இன்னொரு பக்கம், அதற்கு அடியில் கிடக்கும் மணலிலிருந்து மேலே தள்ளும் தண்ணீரின் அழுத்தம். எடையை அழுத்தத்தால் வகுத்தால் விடை ஒன்றுக்கு மேலே நிற்க வேண்டும். நன்றாகவே மேலே.

கோடையில் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தபோது அப்படித்தான் நின்றது.

இப்போது ஒன்றுக்குச் சற்றுக் கீழே.

அவள் மாற்றியது ஒரே ஓர் எண்ணை. வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய குழிக்கு அருகே, நிலத்தடி நீரை அளக்கப் பதித்திருந்த அளவுக் குழாயின் நீர்மட்டம். காலையில் புகைப்படமாக வந்திருந்தது. விடாமல் பெய்த மழை அதை எங்கேயோ ஏற்றிவிட்டிருந்தது.

இரண்டு மாடி ஆழக் குழி. அடியில் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கான்கிரீட்.

சூத்திரம் தவறாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள். காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்தாள்.

அதே விடை.

அவள் வேலை பார்க்கும் பொறியியல் நிறுவனத்தின் தலைவர் விமானத்தில் இருந்தார். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

தளத்தின் சூப்பர்வைசர் தணிகாசலத்தை அழைத்தாள்.

"நானே கூப்புடணும்னு இருந்தேன் மேடம். கெயக்கு மூலையில தண்ணி கொப்பளிக்குது. மண்ணும் சேந்து வருது. இன்னொரு மோட்டார் போட்டு எறச்சிடலாம்னு..."

"போடாதீங்க. ஓடறதையும் நிறுத்துங்க. எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க. சாமானெல்லாம் அங்கேயே கிடக்கட்டும்."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும். அப்புறம் பக்கத்து மனையில இறைச்சு விட்டோமே, அந்தத் தண்ணிய குழிக்குள்ள விடுங்க."



"இன்னா மேடம் சொல்றீங்க? ராப்பகலா எறச்சிக் கொட்டிக்கினு இருக்கோம். அத்தப் போயி திருப்பி உள்ளாற வுடச் சொல்றீங்க. நாளிக்கு கான்கிரீட்டு. காண்ட்ராக்டர் என்னிய வுட்டு வெப்பாரா?"

"அடியில இருக்கற தண்ணி தரையத் தூக்குதுண்ணே. மேல பாரம் போதல. இப்ப உடனே ஏத்தறதுக்கு நம்மகிட்ட இருக்கற பாரம் தண்ணி மட்டுந்தான். என் பேரச் சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னு எழுதியே அனுப்பறேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தமிழிலும் இந்தியிலும் கத்துவது கேட்டது.

"ஏய், மேல வாங்கடா! சப் லோக் ஊப்பர்! அத்த வுட்டுட்டு வாடா!"

ஆட்டோவில் போகும்போதுதான் புதிய பயம் வந்தது.

அளவுக் குழாயின் மூடி திறந்து கிடந்திருந்தால்? உள்ளே இருந்தது வெறும் மழைத் தண்ணீராக இருந்தால்? மூலையில் கொப்பளிப்பதும் சாதாரணக் கசிவாக இருந்தால்?

அப்படியானால் நன்றாக இருந்த ஒரு குழியை அவளே நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை, "ஆஸ்பத்திரியாம்மா?" என்று கேட்டார்.

ஆட்கள் சாலையோரத்தில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தார்கள். நனைந்து, டீ கிளாஸ்களோடு.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சி மேடம். ஒருத்தன் மட்டும் செல்போன வுட்டுட்டேன்னு திரும்பி எறங்கினான். காலரப் புட்ச்சி இஸ்த்துக்கினு வந்தேன்."

அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கிழக்கு மூலையில் தரை உப்பியிருந்தது. அதன்மேல் கட்டிய கம்பி வலை வளைந்து, ஒரு முனை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் சாம்பல் நிற மணல் கொதிப்பதுபோல் குமுறியது.

அளவுக் குழாயில் இருந்தது மழைத் தண்ணீர் இல்லை. கணக்கு சரி.

சரி என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை.

பக்கத்து மனையிலிருந்து குழாய்கள் தண்ணீரைக் கொட்டின. காண்ட்ராக்டர் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். மூலையைப் பார்த்தார். பிறகு தானே போய் ஒரு குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் கம்பிகளை மூடியது.

உப்பிய தரையை மூடியது.

குமுறல் நிற்கவில்லை.

தண்ணீர் இன்னும் ஏறியது. ஏணியின் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

முதலில் மணல் வருவது நின்றது. பிறகு குமிழிகள் குறைந்தன. ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அப்புறம் குழி முழுக்க மழைத்துளிகளின் வட்டங்கள் மட்டும்.

"அடங்கிடிச்சி மேடம்" என்றார் தணிகாசலம், மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அவள் ஜல்லிக் குவியலின்மேல் உட்கார்ந்தாள். யாரோ நீட்டிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

குழியின் விளிம்பை ஒட்டி ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், குழி இடிந்திருந்தால் கூடவே சரிந்திருக்கக்கூடிய ஒரு சின்ன வீடு. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகக் கத்திக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தார். மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நீதான் இஞ்சினீயரா? இன்னாம்மா அக்கிரமம் இது? இம்மாந் தண்ணிய தேக்கி வெச்சா கொசு வராது? கொயந்தைங்க இருக்கற வூடு. பக்கத்துல மன்சங்க இருக்காங்கன்ற நெனப்பு வேணாமா ஒங்களுக்கு?"

தணிகாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வரும்மா. கண்டிப்பா வரும்" என்றாள். "மருந்து அடிக்கச் சொல்றேன்."

அந்த அம்மாள் விடவில்லை. தூசியிலிருந்து ஆரம்பித்தார். இரைச்சல், லாரி, வாசலில் கொட்டிய மணல் என்று ஒன்று விடாமல் திட்டினார்.

திட்டி முடிக்கும் வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. கையில் இரண்டாவது டீ ஆறிக்கொண்டிருந்தது.