இரண்டு ஏக்கர் ராகி

"சார், அவ அந்த நெலத்துல கால் வெச்சதே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க" என்றான் திருமலை.

தேன்கனிக்கோட்டை கோர்ட் வராந்தா. வக்கீல் இளம்பரிதி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நெஜமாவே வெச்சதில்லையா?"

"வெச்சா. அப்பா செத்த கையோட பர்கூர்லேருந்து வந்து குந்திக்கிட்டு, ரெண்டு ஏக்கர்லயும் ராகி போட்டா. அத எதுக்கு நாம சொல்லணும்?"

அப்பா திம்மராயன் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஜவளகிரி நிலத்தைக் குடோன் கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்கத் திருமலை பேசி முடித்தான். தங்கை அருணா பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். வழக்கு முடியும்வரை அண்ணன் நிலத்தை விற்கவோ உள்ளே நுழையவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டாள்.

அங்கே பயிர் செய்தது தான்தான் என்று இன்று அவள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் தடை இல்லை. மத்தியானமே ஜேசிபி இறங்கிவிடும்.

"கோர்ட் அனுப்பற கமிஷனர் போய்ப் பாத்தா பயிர் நிக்குமே?"

"எங்க நிக்குது? கதிர் முத்தற நேரத்துல யானைக் கூட்டம் பூந்து மொத்தத்தையும் மிதிச்சிடுச்சு. மறுநாளே டிராக்டர் விட்டு நான் உழுதுட்டேன்."

"அடங்கல்ல யாரு பயிர் பண்றதா இருக்கு?"

"எம் பேருதான்."

"பக்கத்து நெலத்துக்காரங்க?"

"எல்லாம் பங்காளிங்க. எனக்கு எதிரா வந்து நிப்பானுங்களா?"

"அப்ப டீ குடிச்சிட்டே வாதாடலாம்" என்றார் இளம்பரிதி.

அருணா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"அண்ணா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. என் பங்க விட்டுடு. மீதிய யாருக்கு வேணா வித்துக்க."

"உனக்குச் சீர் செஞ்சதோட பங்கு தீந்துச்சு."

"சீர் செஞ்சது அப்பா. நீ பந்தியில உக்காந்து சாப்ட்ட, அவ்வளவுதான்."

"வக்கீலம்மா சொல்லிக் குடுத்தாங்களா? உள்ள போய்ப் பேசு, கேப்பாங்க."

உள்ளே அழைத்தார்கள். இளம்பரிதி கணீரென்று வாதாடினார். மனுதாரர் பர்கூரில் குடியிருப்பவர். அந்த நிலத்தில் ஒரு நாற்றுகூட நட்டதில்லை. நட்டதற்கு ஒரு ரசீது இல்லை, சாட்சி இல்லை.

நீதிபதி அடங்கலைப் புரட்டிவிட்டு அருணாவின் வக்கீல் சுசித்ராவைப் பார்த்தார்.

"ஏம்மா, ராகி போட்டதா சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?"

"ஒரு வீடியோ தாக்கல் பண்ணியிருக்கோம், அய்யா. எதிர்த்தரப்புக்கும் காலையிலயே காப்பி குடுத்தாச்சு."

இளம்பரிதி தன் ஜூனியரைத் திரும்பிப் பார்த்தார். ஜூனியர் இன்னும் உறையே பிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் விடிந்தும் விடியாத வெளிச்சம். ராகிக் கொல்லை நடுவே யானைகளின் முதுகுகள் அசைந்தன.

"யானை தெரியுது" என்றார் நீதிபதி. "கொல்லை யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"படம் எடுத்தவரே சொல்றார், அய்யா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."

கூட்டினார்கள்.

"மக்களே, நல்லாப் பாத்துக்கங்க. அப்பன் நெலம்னு பர்கூர்லேருந்து ஓடியாந்து, உழுது, வெதச்சு, ஒத்தையாளா களை பறிச்சு எங்க அருணா வளத்த ராகி இது. கூலி கேக்காம விநாயகரே வந்து அறுவடை பண்றாரு."

பின்னாலேயே வயிறு குலுங்கும் ஒரு சிரிப்பு.

கோர்ட்டில் இருந்த எல்லோரும் திருமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். யானை பூந்த அன்று காலையே அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அடியில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளும் வைத்தவன் அவன்தான்.