ஊரில எவடம்

"சைக்கிளால விழுந்தனான்" என்றான் அவன்.

சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். முதுகில் வட்ட வட்டமாகத் தழும்புகள். தோளிலிருந்து இடுப்புவரை, யாரோ அவசரமில்லாமல் இருந்து வைத்த மாதிரி.

சிகரெட் சுட்ட இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். லண்டனில் இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தபிறகு நிறையப் பார்த்துவிட்டாள்.

நோயாளி சொல்வதை நோயாளியாகவே சொல்ல வேண்டும். அதுதான் முறை. நான் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

டொக்டர் எழுதவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

வயதான வெள்ளைக்காரப் பெண். கதவு அவன் கண்ணில் படும்படி கதிரையைப் போட்டுக் கொடுத்திருந்தார். முதுகைத் தொடுவதற்கு முன் தொடலாமா என்று கேட்டார். கையில் ஒன்றும் இல்லை என்று விரித்துக் காட்டிவிட்டுத்தான் பின்னால் போனார். தமிழில் ஒரு சொல் தெரியாத மனுஷி எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தார்.

கெடுத்தது தமிழ் தெரிந்தவள்.

உள்ளே வருவதற்கு முன், வெளியே காத்திருக்கும் இடத்தில்தான் கெடுத்தாள்.

நோயாளியோடு தனியே கதைக்கக் கூடாது, ஊர் பேர் விசாரிக்கவே கூடாது என்று படிப்பித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் பெடியன் குளிருக்குக் கைகளைத் தொடைகளின் நடுவில் செருகிக்கொண்டு தனியே இருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. நம்முடைய மொழியில் யாராவது நாலு வார்த்தை பேசினால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். வாய் சும்மா கிடந்தால்தானே.

ஊரில எவடம் தம்பி?

சொன்னான்.

சந்தைக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ? ஆற்ற மகன்? கூடப்பிறந்தது எத்தினை பேர்?

அவனை ஊரில் பிடித்து அடைத்து வைத்திருந்தவர்களும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். ஊர், தகப்பன் பேர், கூடப்பிறந்தவர்கள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கடைசியில் ஆளைப் பிடித்துவிட்டாள். அவளுடைய சித்தியின் மகனுக்கு ஊரில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் பேர் சுபாங்கி. அந்தச் சுபாங்கியின் அண்ணன் இவன்.

நாங்கள் சொந்தக்காரராகப் போறம் என்று சொல்லி அவன் தோளில் தட்டினாள். அவன் கதிரையோடு பின்னால் போனான். அதற்கும் அவள் சிரித்தாள்.

அதோடாவது விட்டாளா. போனை எடுத்து, அவன் காது கேட்க, சித்திக்குக் குரலைப் பதிந்து அனுப்பினாள். பொம்பிளையின்ர தமையனை இப்பத்தான் கண்டனான், நல்ல பெடியன்.

அவனும் சிரித்தான். மரியாதைக்கு.

இப்போது அறைக்குள் டொக்டர் மெதுவான குரலில் கேட்டார். கதிரையில் இருக்கும்போது வலிக்கிறதா? இடுப்புக்குக் கீழே ஏதாவது செய்தார்களா?

அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

அவன் டொக்டரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். அவள் கைப்பையைப் பார்த்தான். போன் அதற்குள் இருந்தது.

ஒன்றுமில்லை என்றான்.

வருகிற கிழமை அவனுடைய அகதி வழக்கு. இந்த அறையில் சொல்வதை டொக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே நம்புவார்கள். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றி, அதே ஆட்களின் கையில் கொண்டுபோய் விடுவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

ஆனால் அண்ணனுக்கு அங்கே இப்படியெல்லாம் நடந்ததாம் என்று ஒரு சொல் ஊருக்குப் போனால் தங்கையின் கலியாணம் அதோடு நின்றுவிடும். அவளுக்குத் தன் சித்தியைத் தெரியும்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் போக வேண்டும் என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இவருடைய குடும்பம் எனக்குத் தெரிந்த குடும்பம். என்னால்தான் இவர் பேசவில்லை. தொலைபேசியில் வேறு மொழிபெயர்ப்பாளர் யாரையாவது பிடியுங்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் வேண்டாம்.

அறையில் எதைச் சொன்னாலும் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். அதுவும் வேலையின் சட்டம். ஆங்கிலத்தில் சுலபமாக வந்ததைத் தமிழில் அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னாலதான் நீங்கள் கதைக்கேல்லை எண்டு டொக்டருக்குச் சொன்னனான் தம்பி."

அவன் மடியில் கிடந்த சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.



டொக்டர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். சற்றுப் பொறுத்து ஒரு குரல் வந்தது. வணக்கங்க, சொல்லுங்க என்றது. தமிழ்நாட்டுக்காரர். அவனுடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

உள்ளே தொலைபேசிக் குரல் ஏதோ கேட்டது. பிறகு அவன் குரல் தொடங்கியது. தாழ்ந்த குரல். நிற்காமல் வந்தது.

சொற்கள் பிடிபடுவதற்குள் நடைபாதையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

போன் அடித்தது. சித்தி.

"எங்க பிள்ளை அவனைக் கண்டனீ?"

தூரத்தில் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"றோட்டில சித்தி. சைக்கிளில போனவன்."

"சைக்கிளிலயோ? அப்ப ஆள் சுகமாத்தான் இருக்கிறான்."

"ஓம் சித்தி" என்றாள். "சுகமாத்தான் இருக்கிறான்."